மலைப்பாதையில் நிதானமாக ஒரு நாள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சொந்தக் காரிலோ வாடகைக் காரிலோ மலையேறி, பிடித்த இடத்தில் நிறுத்தி, ஒரு மணி நேரம் காலாற நடந்து, பொழுது சாய்வதற்குள் இறங்க நினைப்பவர்களுக்கான பக்கம் இது. கூடாரமும் கயிறும் தூக்கிக்கொண்டு சிகரம் ஏறுபவர்களுக்கு இதில் பெரிதாக ஒன்றும் இல்லை.

ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர் வைத்துக்கொள்ளலாம்?

மலையில் கிலோமீட்டர் கணக்கு எடுபடாது. மணிக்கணக்காக யோசியுங்கள்.

ஓர் உதாரணம். அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில், ஷெனண்டோவா தேசியப் பூங்காவுக்குள் மலைமுகட்டின் மேலேயே ஓடும் ஸ்கைலைன் டிரைவ் என்ற சாலையின் நீளம் 169 கிலோமீட்டர். சமவெளி நெடுஞ்சாலையில் அது இரண்டு மணி நேர வேலை. அங்கே வேக வரம்பு மணிக்கு 56 கிலோமீட்டர்தான் என்பதால், எங்கும் நிற்காமல் போனாலே மூன்று மணி நேரம் ஆகும். வழியில் கிட்டத்தட்ட 70 காட்சி முனைகள். பத்தில் மட்டும் நின்று, ஒவ்வொன்றிலும் கால் மணி நேரம் செலவழித்தால் இரண்டரை மணி நேரம். ஒரு சின்ன நடைக்கு ஒன்றரை மணி நேரம், சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம். பகல் முடிந்தது. இத்தனைக்கும் அது அகலமான, நல்ல சாலை. கொண்டை ஊசி வளைவுகள் நிறைந்த குறுகலான பாதை என்றால் சராசரி வேகம் 25, 30 கிலோமீட்டரைத் தாண்டுவதே அபூர்வம்.

என் கணக்கு இதுதான்: ஸ்டீயரிங் பிடிக்கும் நேரம் மொத்தம் நாலு மணி நேரத்துக்குள். அதற்குள் எவ்வளவு தூரம் போக முடியுமோ அவ்வளவு போதும். பட்டியல் போட்டுக்கொண்டு எட்டு இடம் பார்க்கக் கிளம்புகிறவர்கள் கடைசியில் எட்டு வாகன நிறுத்தங்களைத்தான் பார்த்துவிட்டு வருகிறார்கள்.

காலையில் சீக்கிரம் கிளம்பியே ஆகவேண்டுமா?

ஆமாம். கூட்டம், பார்க்கிங் எல்லாம் அப்புறம். முக்கியக் காரணம் மேகம். வெயில் ஏற ஏறச் சரிவுகள் சூடாகி, பள்ளத்தாக்கின் ஈரக் காற்று மலையை ஒட்டி மேலே ஏறும். மேலே போய்க் குளிர்ந்ததும் மேகமாகும். காலை எட்டு மணிக்குத் தெளிவாகத் தெரிந்த சிகரம் மதியம் இரண்டு மணிக்குக் காணாமல் போவது இப்படித்தான். கோடையில் பிற்பகல் இடிமழைக்கும் இதே காற்றுதான் காரணம்.

அதனால் தூரக்காட்சி வேண்டிய இடங்களைக் காலையிலும், காடு, ஓடை, அருவி போன்றவற்றைப் பிற்பகலிலும் வைத்துக்கொள்ளுங்கள். மரத்தடிக்கு மேகமூட்டம் ஒரு குறையே இல்லை. புகைப்படம் எடுப்பவர்களுக்கு அதுதான் நல்ல வெளிச்சம்.

கீழே வெயில் கொளுத்துகிறது. ஸ்வெட்டர் எதற்கு?

ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறையும். அடிவாரத்தில் 32 டிகிரி என்றால் இரண்டாயிரம் மீட்டர் மேலே 19 டிகிரி. காற்றும் அடித்தால் இன்னும் குளிரும். ஆனால் வெயில் மட்டும் மேலே போகப் போகக் கடுமையாகும்: ஆயிரம் மீட்டருக்குச் சுமார் 10 சதவீதம் புற ஊதாக் கதிர் கூடும். குளிர்கிறதே என்று தொப்பியைக் காரிலேயே விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

எல்லாக் காட்சி முனையும் ஒன்றுபோலத்தானே இருக்கிறது? எதில் நிற்பது?

முதல் மூன்றில் நின்றால் இப்படித்தான் தோன்றும். பக்கத்துப் பக்கத்து முனைகள் பெரும்பாலும் ஒரே பள்ளத்தாக்கைக் காட்டுபவை. முகட்டின் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று, பாதி உயரத்தில் ஒன்று, உச்சியில் ஒன்று என்று தேர்ந்தெடுத்தால் நாலும் நாலு விதமாக இருக்கும். பாதி உயரத்தில் இருப்பதை யாரும் மதிப்பதில்லை. ஆனால் ஏறி வந்த வளைவுகள் மடிப்பு மடிப்பாகக் கீழே தெரிவது அங்கிருந்துதான். உச்சியிலிருந்து பார்த்தால் எல்லாம் தட்டையாகிவிடும்.

இன்னொரு விஷயம், வெளிச்சம். காலையில் சூரியனை முதுகில் வைத்து, அதாவது மேற்குப் பக்கம் பாருங்கள். மாலையில் கிழக்குப் பக்கம். மலைமடிப்புகள் அப்போதுதான் நிறத்தோடு தெரியும். சூரியனுக்கு எதிரே பார்த்தால் சாம்பல் நிற நிழலுருவங்கள்தான் கிடைக்கும். அதுவும் அழகுதான், ஆனால் வேறு அழகு.

தூரத்து மலை ஏன் நீலமாகத் தெரிகிறது?

நமக்கும் மலைக்கும் நடுவே இருக்கும் காற்று நீல ஒளியை அதிகமாகச் சிதறடிப்பதால். தூரம் கூடக் கூட அந்த நீலமும் கூடும். மரங்கள் வெளியிடும் ஆவிகளும் இதற்குத் துணை செய்யும். ஆஸ்திரேலியாவின் நீல மலைகளில் யூகலிப்டஸ் காடுகள்தான் நீல மூட்டத்துக்குக் காரணமாகச் சொல்லப்படுகின்றன. மழை பெய்து ஓய்ந்த மறுநாள் காலை பாருங்கள், நீலம் குறைந்து மலை நாலடி பக்கத்தில் வந்து நிற்கிற மாதிரி இருக்கும்.

சாலையோரம் நினைத்த இடத்தில் நிறுத்தலாமா?

வளைவிலும் வளைவை ஒட்டியும் நிறுத்தவே கூடாது. பின்னால் வருபவருக்கு உங்கள் கார் தெரியும்போது அவர் பிரேக் போட இடம் இருக்காது. சாலைக்கு வெளியே நாலு சக்கரமும் நிற்க இடம் இருக்கிறதா, முன்னும் பின்னும் நீண்ட தூரம் பார்வை போகிறதா என்று பாருங்கள். இரண்டும் இருந்தால் சரி. எதிர்ப்பக்கம் இருக்கும் காட்சி முனைக்காகச் சாலையைக் குறுக்கே கடக்காதீர்கள். இறங்கும்போது அது உங்கள் பக்கம் வரும், அப்போது நின்றுகொள்ளலாம்.

சரிவில் நிறுத்தினால் ஹேண்ட் பிரேக்கோடு கியரும் போடுங்கள். வண்டியின் முகம் மேட்டைப் பார்த்திருந்தால் முதல் கியர், இறக்கத்தைப் பார்த்திருந்தால் ரிவர்ஸ். சக்கரத்தைச் சற்றுத் திருப்பி வையுங்கள், வண்டி நகர்ந்தாலும் பள்ளத்தின் பக்கம் போகாமல் மலைச்சுவரில் போய் முட்டும்படி. சக்கரத்துக்குக் கல் வைத்தால் கிளம்பும்போது அந்தக் கல்லை எடுத்து ஓரமாகப் போட்டுவிட்டு வாருங்கள். அதை அப்படியே நடுரோட்டில் விட்டுவிட்டுப் போகிறவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். இருட்டில் பைக்கில் வருகிறவன் கதி என்ன என்று யோசிப்பதே இல்லை.

குறுகலான பாதையில் எதிரே வண்டி வந்தால் யார் ஒதுங்குவது?

பெரும்பாலான இடங்களில் வழக்கம் ஒன்றுதான்: ஏறுகிறவருக்கு வழி விட வேண்டும். பாரத்தோடு ஏற்றத்தில் நின்ற வண்டியை மறுபடி கிளப்புவது சிரமம், இறங்குகிறவருக்கு அந்தத் தொல்லை இல்லை. ஆனால் ஒதுங்க இடம் இறங்குகிறவர் பக்கம் இல்லாமல் ஏறுகிறவர் பக்கமே இருந்தால் சட்டம் பேசிக்கொண்டு நிற்காதீர்கள், நீங்களே ஒதுங்கிவிடுங்கள்.

கொண்டை ஊசி வளைவில் பெரிய வண்டி வந்தால் வளைவுக்கு முன்பே நின்றுவிடுங்கள். பஸ்ஸின் பின்பக்கம் உள்வளைவை உரசிக்கொண்டு வரும், முன்பக்கம் உங்கள் பாதி சாலையையும் எடுத்துக்கொள்ளும். வளைவுக்குள் நுழைந்த பிறகு இரண்டு பேரும் மாட்டிக்கொண்டால் ரிவர்ஸ் எடுக்க வேண்டியது பெரும்பாலும் கார்தான்.

பின்னால் அவசரக்காரர்கள் சேர்ந்துவிட்டால் இடம் பார்த்து ஒதுங்கி அவர்களை விட்டுவிடுங்கள். காட்சி பார்க்கப் போகிறவருக்கு இதில் இழப்பு ஒன்றும் இல்லை.

இறங்கும்போது பிரேக் சூடாகிறது என்கிறார்களே, உண்மையில் என்ன நடக்கிறது?

இந்தப் பக்கத்தில் ஒரு பதிலை மட்டும்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

ஆட்களோடு சேர்த்து 1,500 கிலோ எடையுள்ள கார் ஆயிரம் மீட்டர் உயரம் இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த உயரத்தில் சேர்ந்திருந்த ஆற்றல் சுமார் 4 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். நாற்பது லிட்டருக்கு மேல் தண்ணீரைக் கொதிக்க வைக்க அது போதும். அதில் ஒரு பகுதி காற்றோடும் டயரோடும் போகும். மீதியை யாராவது வாங்கிக்கொண்டாக வேண்டும். பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால் அத்தனையும் நாலு பிரேக் தட்டில் போய் இறங்கும்.

அளவுக்கு மீறிச் சூடானால் இரண்டு விதமாகச் சிக்கல் வரும். ஒன்று, பிரேக் பேடு தன் பிடிமானத்தை இழக்கும், எவ்வளவு அழுத்தினாலும் வண்டி நிற்காது. இரண்டாவது, பிரேக் எண்ணெய் கொதிக்கும். அந்த எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை நாளடைவில் உறிஞ்சிக்கொள்ளும் தன்மையுடையது. டாட் 4 வகை எண்ணெய் புதிதாக இருக்கும்போது குறைந்தபட்சம் 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் சேர்ந்த பிறகு அந்த வரம்பு 155 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. கொதித்தால் குழாயில் ஆவி நிற்கும். எண்ணெய் கடத்துவதுபோல ஆவி அழுத்தத்தைக் கடத்தாது, பெடல் பஞ்சுபோல அடிவரை போகும். எண்ணெய் மாற்றி இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தால் மலைக்குக் கிளம்பும் முன் மெக்கானிக்கிடம் காட்டிவிடுங்கள்.

செய்ய வேண்டியது எளிது. ஏறுவதற்கு எந்தக் கியர் தேவைப்பட்டதோ அதே கியரில் இறங்குங்கள். பெரும்பாலும் அது இரண்டாவது, செங்குத்தான இடங்களில் முதலாவது. எஞ்சின் சத்தம் கூடும், கூடட்டும். வண்டியைப் பிடித்து வைத்திருப்பது அதுதான். வேகம் கூடும்போது பிரேக்கை நன்றாக ஒரு முறை அழுத்திக் குறைத்துவிட்டுக் காலை எடுத்துவிடுங்கள். லேசாக மிதித்தபடியே வருவதுதான் கெடுதல். எரிபொருள் மிச்சம் என்று நியூட்ரலில் விடுவதும் எஞ்சினை அணைத்துவிட்டு உருட்டுவதும் தற்கொலைக்குச் சமம். எஞ்சின் பிடிமானம் போய்விடும், அணைத்தால் பவர் ஸ்டீயரிங்கும் பிரேக்குக்கான உதவி விசையும் சேர்ந்தே போய்விடும்.

கருகிய வாடை வந்தால் நிறுத்தி ஆற விடுங்கள். சூடான சக்கரத்தின் மேல் தண்ணீர் ஊற்றாதீர்கள், தட்டு கோணிவிடும். அமெரிக்காவின் கொலராடோவில் 4,302 மீட்டர் உயர பைக்ஸ் பீக் சிகரம் வரை கார் போகும். இறங்கும் வழியில் ஊழியர்கள் நிறுத்தி பிரேக்கின் சூட்டை அளப்பார்கள், கூடுதலாக இருந்தால் ஆறும்வரை விட மாட்டார்கள். மற்ற மலைகளில் அந்த வேலையை உங்கள் மூக்குதான் செய்ய வேண்டும்.

ஆட்டோமேட்டிக், மின்சாரக் கார் என்றால்?

ஆட்டோமேட்டிக்கில் எல், 2 என்ற நிலைகளோ, கையால் கியர் மாற்றும் வசதியோ இருக்கும். வழக்கமான ‘டி’ நிலையிலேயே விட்டுவிட்டு இறங்கினால் அது உயர்ந்த கியருக்குத் தாவி எஞ்சின் பிடிமானத்தைக் குறைத்துவிடும். மின்சாரக் கார் இறக்கத்துக்கு மிக நல்லது, பிரேக்கில் வீணாகும் ஆற்றலை பேட்டரிக்கே திருப்பி அனுப்பும். ஒரே ஒரு எச்சரிக்கை: மலைமேல் தங்கி பேட்டரியை 100 சதவீதம் நிரப்பிக்கொண்டு கிளம்பாதீர்கள். நிரம்பிய பேட்டரியில் ஆற்றலைப் போட இடம் இல்லாததால் அந்தப் பிடிமானம் குறைந்துவிடும். கீழே போகிற தூரத்தைப் பொறுத்து 80, 85 சதவீதத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

மூடுபனி வந்துவிட்டால்?

லோ பீம் போடுங்கள். ஹை பீம் போட்டால் பனித்துளிகளில் பட்டு வெளிச்சம் உங்கள் கண்ணுக்கே திரும்பும், வெள்ளைச் சுவர்தான் தெரியும். கண்ணாடியை இறக்கி வைத்தால் எதிரே வரும் வண்டியின் சத்தமாவது கேட்கும். ஓடும்போது நாலு இண்டிகேட்டரையும் மினுக்கவிடுவது பலருக்கும் வழக்கம், ஆனால் நீங்கள் எந்தப் பக்கம் திரும்புகிறீர்கள் என்பது யாருக்கும் தெரியாமல் போய்விடும். முன்னே ஒன்றுமே தெரியவில்லை என்றால் சாலையைவிட்டு முழுக்க விலகி நின்று காத்திருங்கள்.

வளைவுகளில் குமட்டுகிறது. என்ன செய்யலாம்?

உள்காது ‘திரும்புகிறோம்’ என்கிறது, போனையோ முன்சீட்டின் முதுகையோ பார்த்துக்கொண்டிருக்கும் கண் ‘அசையவே இல்லை’ என்கிறது. இந்த முரண்பாடுதான் குமட்டல். ஓட்டுகிறவருக்கு வருவது அபூர்வம், அடுத்த வளைவு அவருக்கு முன்பே தெரியும் என்பதால். ஆகவே குமட்டுகிறவரை முன்சீட்டில் உட்கார வைத்து, தூரத்துச் சாலையைப் பார்க்கச் சொல்லுங்கள். ஜன்னலைத் திறந்துவிடுங்கள். வெறும் வயிறும் வேண்டாம், வயிறு முட்டவும் வேண்டாம். மாத்திரை சாப்பிடுவதானால் கிளம்புவதற்கு அரை மணி, ஒரு மணி நேரம் முன்பே. குமட்டல் தொடங்கிய பிறகு அதனால் பெரிய பலன் இல்லை. இந்த மாத்திரைகளில் பல தூக்கம் வரவழைக்கும், ஓட்டுகிறவர் தொடவே கூடாது.

ஆனால் பாதி மருந்து ஓட்டுகிறவர் கையில்தான். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, உள்ளே ஒரே சீராகத் திருப்பினால் பின்சீட்டில் உட்கார்ந்திருப்பவருக்குப் பாதித் தொல்லை தீர்ந்தது.

காது அடைத்துக்கொள்கிறதே?

எச்சில் விழுங்குங்கள், கொட்டாவி விடுங்கள். கைக்குழந்தைக்கு இறங்கும்போது பால் கொடுங்கள். கடுமையான ஜலதோஷத்தோடு மலைக்குப் போனால் இறக்கத்தில் காது வலி நிச்சயம் வாட்டும்.

நடப்பதற்கு எந்தப் பாதையைத் தேர்ந்தெடுப்பது? எவ்வளவு நேரம் ஆகும்?

வழிகாட்டிப் பலகையில் ‘2 கி.மீ.’ என்று இருந்தால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, அது போகமட்டுமா, போய் வரவா? பாதி ஏமாற்றங்கள் இங்கேதான் தொடங்குகின்றன.

அடுத்து பார்க்க வேண்டியது ஏற்றம். ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892-ல் சொன்ன கணக்கு இன்றும் உதவுகிறது: ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். போய்வர நாலு கிலோமீட்டர், ஏற்றம் 200 மீட்டர் என்றால் 48 நிமிஷமும் 20 நிமிஷமும் சேர்த்து ஒரு மணி எட்டு நிமிஷம். அது நிற்காமல் நடக்கும் திடகாத்திரமான ஆளுக்கு. குழந்தைகள், பெரியவர்கள், வண்ணத்துப்பூச்சி, புகைப்படம் எல்லாம் இருந்தால் இரண்டு மடங்காக வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு நாளைக்கு இரண்டு நடைகள் போதும். ஒன்று எங்காவது போய்ச் சேர்கிற நடை: பாறை, அருவி, கண்காணிப்புக் கோபுரம். இன்னொன்று எங்கும் போய்ச் சேராத காட்டு நடை. குழந்தைகளுக்கு முதல் வகை பிடிக்கும், எனக்கு இரண்டாவது. மலைச்சாலையிலிருந்து கிளம்பும் பாதைகளில் ஒரு விசித்திரம் உண்டு: பல பாதைகள் முதலில் கீழே இறங்கும். போகும்போது சுகம், களைத்துத் திரும்பும்போதுதான் ஏற்றம். முழங்கால் வலிக்காரர்கள் கூட இருந்தால் மேலே ஏறித் திரும்பும் பாதையா, கீழே இறங்கித் திரும்பும் பாதையா என்று முன்பே பார்த்துவிடுங்கள்.

திரும்ப வேண்டிய நேரத்தைக் கிளம்பும்போதே முடிவு செய்யுங்கள். முகட்டுக்குப் பின்னால் சூரியன் போய்விட்டால் பள்ளத்தாக்கில் அஸ்தமனத்துக்கு வெகுநேரம் முன்பே இருட்டத் தொடங்கிவிடும், மரங்களுக்கு அடியில் இன்னும் சீக்கிரம்.

சின்ன நடைதானே, பை எதற்கு?

தண்ணீர், மழைச்சட்டை, ஒரு டார்ச், விசில். அவ்வளவுதான். செருப்பு மட்டும் வேண்டாம், அடிப்பாகம் தேய்ந்த ஷூவும் வேண்டாம்.

அருவியில் இறங்கலாமா?

அருவியின் தலைப்பகுதியில், அதாவது தண்ணீர் விழத் தொடங்கும் இடத்துக்கு மேலே, இறங்கவே கூடாது. தண்ணீர் கணுக்கால் அளவுதான் இருக்கும். ஆனால் பாறையில் படிந்த பாசியில் கால் வைத்தால் பிடிப்பே இருக்காது. அடியில் குளிக்க அனுமதி இருந்தாலும் தண்ணீரின் நிறத்தைக் கவனியுங்கள். தெளிந்த நீர் திடீரென்று கலங்கி, சருகும் குச்சியும் வரத் தொடங்கினால் மேலே எங்கோ மழை பெய்கிறது என்று பொருள். உங்கள் தலைக்கு மேல் வெயில் அடித்தாலும் உடனே கரையேறுங்கள்.

இடி இடிக்கத் தொடங்கினால்?

மின்னலுக்கும் இடிக்கும் நடுவே 30 விநாடிக்குக் குறைவாக இருந்தால் மின்னல் 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. முகட்டிலிருந்து இறங்குங்கள், தனிமரத்தின் அடியில் நிற்காதீர்கள், முடிந்தால் காருக்குள் போய்க் கண்ணாடியை ஏற்றிவிடுங்கள். காரின் உலோகக் கூடு மின்சாரத்தைத் தன்மேலேயே கடத்தித் தரைக்கு அனுப்பிவிடும். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழித்து வெளியே வாருங்கள்.

எவ்வளவு உயரத்தில் மூச்சுத் திணறல் வரும்?

2,500 மீட்டர் வரை பெரும்பாலானவர்களுக்குத் தொல்லை இல்லை, மாடிப்படி ஏறினால் வருவதைவிடக் கொஞ்சம் கூடுதலாக மூச்சு வாங்கும், அவ்வளவுதான். அதற்கு மேலே தலைவலி, குமட்டல், அசதி மூன்றும் சேர்ந்து வந்தால் அது உயரத்தின் வேலை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். மருந்து ஒன்றுதான், இறங்குவது. காரில் வந்தவர்களுக்கு இதில் ஒரு ஆபத்தும் ஒரு வசதியும் உண்டு: உடம்பு பழகுவதற்குள் மேலே வந்துவிடுகிறோம், ஆனால் ஒரு மணி நேரத்தில் ஆயிரம் மீட்டர் இறங்கியும் விடலாம். இதய, நுரையீரல் நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

குரங்குக்கு ஏதாவது போடலாமா?

வேண்டாம். மனிதரின் உணவுக்குப் பழகிய விலங்கு சாலையோரமே குடியிருக்கும், கடைசியில் ஏதாவது ஒரு சக்கரத்தில் அடிபடும்.

சாலை திறந்திருக்கிறதா என்று எப்போது பார்ப்பது?

முந்தின இரவும், கிளம்பும் காலையும். உயரமான சாலைகளில் பல ஆண்டு முழுவதும் திறந்திருப்பதில்லை. ஆஸ்திரியாவில் 1935-ல் திறக்கப்பட்ட கிராஸ்குளோக்னர் சாலை 48 கிலோமீட்டர், 36 வளைவுகள், 2,500 மீட்டருக்கு மேல் ஏறுவது. பனிக்காலம் முழுக்க மூடியிருக்கும், கோடையிலும் இரவில் வண்டிகளை விடுவதில்லை. மழைக்காலத்து மலைகளில் இரவோடு இரவாக மண் சரிந்திருக்கலாம். வண்டி நீளத்துக்குத் தடை இருக்கிறதா என்பதையும் பாருங்கள். அமெரிக்காவின் கோயிங் டு த சன் சாலையின் மேற்பகுதியில் 6.4 மீட்டருக்கு மேல் நீளமுள்ள வண்டிக்கு அனுமதி இல்லை.

மேப்பை போனில் முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். வளைவுக்கு வளைவு சிக்னல் வரும் போகும். அடிவாரத்திலேயே டேங்கை நிரப்பிவிடுங்கள், ஏற்றத்தில் எரிபொருள் வழக்கத்தைவிட வேகமாகத் தீரும்.

வந்த வழியே திரும்புவது வீண்தானே? வேறு பக்கம் இறங்கலாமா?

வட்டமடித்து வரும் வழி வரைபடத்தில் அழகாகத்தான் இருக்கும். ஆனால் தெரியாத இறக்கத்தில், களைத்த உடம்போடு, பொழுது சாயும் நேரத்தில் ஓட்ட வேண்டிவரும். வந்த வழி என்றால் எந்த வளைவு மோசம், எங்கே சாலை உடைந்திருக்கிறது, எங்கே ஒதுங்க இடம் இருக்கிறது என்று எல்லாம் தெரியும். காலையில் நிழலில் கிடந்த சரிவில் இப்போது வெயில் விழுந்திருக்கும், போகும்போது தாண்டிவிட்ட எதிர்ப்பக்கக் காட்சி முனைகள் இப்போது உங்கள் பக்கம் வரும். மேலே ஓர் இரவு தங்குவதாக இருந்தால் மறுநாள் காலை வேறு பக்கம் தாராளமாக இறங்குங்கள். ஒரே நாள் என்றால் வந்த வழியே திரும்புங்கள்.